பகல் மக்கள்தொகையும் இரவு மக்கள்தொகையும்

மும்பை மாநகரின் தென்முனையில் சர்ச்கேட் என்னும் தொடர்வண்டி நிலையம் அமைந்துள்ளது. வேலைநாள்களில் காலை ஒன்பது மணியளவில் அங்கு வந்து நிற்கும் ஒவ்வொரு புறநகர் வண்டியும் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அவர்கள் கோட்டைப் பகுதியிலும் நாரிமன் முனையிலும் உள்ள அலுவலகங்களை நோக்கி விரைகின்றனர். இரவு பத்து மணிக்கு மேல் அதே வீதிகளில் காவலாளிகளையும் நடைபாதையில் உறங்குவோரையும் தவிர மிகச் சிலரையே காண முடியும்.

இந்தத் தென்பகுதி மும்பை நகர மாவட்டம் என்று அரசு ஏடுகளில் குறிக்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 33,38,031. 2011இல் அது 30,85,411 ஆகக் குறைந்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் குறைந்த ஓர் ஊரில் நெரிசல் மட்டும் குறையாதிருப்பது எப்படி? ஏட்டிலுள்ள எண்ணும் பிழையன்று, கண்ணுக்குத் தெரியும் கூட்டமும் பொய்யன்று. ஏடு அங்கே உறங்குவோரை எண்ணியது. காலை நேரக் கூட்டமோ அங்கே உழைப்போரைக் காட்டுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு தொகைகள். முதலாவதை இரவு மக்கள்தொகை என்றும், இரண்டாவதைப் பகல் மக்கள்தொகை என்றும் புவியியலார் வழங்குவர்.

உறக்கத்தை எண்ணிய கணக்கு

இந்தியாவில் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் நடத்தப்பட்ட முதற் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1931 வரை ஓர் இரவுக் கணக்கு என்னும் முறையே பின்பற்றப்பட்டது. கணக்காளர்கள் முன்கூட்டியே வீடுவீடாகச் சென்று பெயர்களைப் பதிந்து வைத்துக்கொள்வர். குறித்த இரவில் மீண்டும் சென்று, இல்லாதவர்களை நீக்கி, புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பர். மின்விளக்குகள் அரிதாயிருந்த காலம் அது. ஆகவே நிலவொளி உள்ள இரவாகவும், திருவிழாக்களும் புனித நீராடல்களும் இல்லாத இரவாகவும் பார்த்து நாள் குறித்தனர். திருவிழா இரவில் எண்ணினால் கோயில் நகரங்கள் பருத்தும் சிற்றூர்கள் மெலிந்தும் தோன்றும் என்பதை அக்கால அலுவலர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1941 முதல் அந்த ஓர் இரவு முறை கைவிடப்பட்டது. இப்போது பல நாள்கள் எடுத்துக்கொண்டு கணக்கெடுக்கின்றனர். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுகளில் எண்ணினர். வீடற்றோரை மட்டும் பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் எண்ணினர். பகலில் அவர்கள் எங்கெங்கோ வேலைக்குச் சென்றுவிடுவர். இரவில்தான் ஓரிடத்தில் தங்குவர். எல்லாவற்றிற்கும் பொதுவான கணக்கு நேரமாக மார்ச் முதல் நாள் பிறக்கும் நள்ளிரவு கொள்ளப்பட்டது.

இரவை அடிப்படையாகக் கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. ஒருவர் பகலில் பேருந்திலும் அலுவலகத்திலும் கடையிலும் மருத்துவமனையிலும் இருக்கலாம். அவரை நான்கு இடங்களில் நான்கு முறை எண்ணிவிடும் தவறு எளிதில் நேரும். உறங்கும் இடமோ பெரும்பாலோர்க்கு ஒன்றே. எனவே இரவுக் கணக்கு உறுதியானது. ஆயினும் அது பாதிச் செய்தியையே தருகிறது. மறுபாதி தேவைப்படும் வேளைகள் மிகக் கடுமையானவை.

நேரம் மாறினால் இழப்பும் மாறும்

1993 செப்டம்பர் 30ஆம் நாள் அதிகாலை 3 மணி 56 நிமிடத்திற்கு மகாராட்டிர மாநிலத்தின் இலாத்தூர் மாவட்டத்தில் உள்ள கில்லாரிப் பகுதி நிலநடுக்கத்தால் அதிர்ந்தது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவ்வூர்களின் வீடுகள் மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களும், மரச்சட்டங்களின் மேல் தடிப்பாக மண் பரப்பிய கூரைகளும் கொண்டவை. அவை சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பகற்பொழுதாயிருந்தால் உழவர்களில் பலர் திறந்த வயல்வெளிகளில் இருந்திருப்பர். நிலம் அதே அளவில் அதிர்ந்திருக்கும், வீடுகளும் விழுந்திருக்கும். அவற்றுள் சிக்கியோரின் தொகை மட்டும் வேறாக இருந்திருக்கும்.

2001 சனவரி 26ஆம் நாள் காலை 8 மணி 46 நிமிடத்திற்குக் குசராத்தின் கட்சுப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று குடியரசு நாள். அலுவலகங்களுக்கு விடுமுறை. அஞ்சார் என்னும் பழைய நகரில் பள்ளிப் பிள்ளைகள் குறுகலான தெரு வழியே அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்தனர். இருபுறத்துக் கட்டடங்களும் அவர்கள்மீது சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் அங்கு மாண்டனர். வழக்கமான பள்ளிநாள் கணக்கோ வழக்கமான விடுமுறைநாள் கணக்கோ அந்தத் தெருவில் அத்தனை பிள்ளைகள் இருப்பர் என்று காட்டியிராது. பகல், இரவு என்று இரண்டு வரைபடங்கள் மட்டும் போதா என்பதற்கு இத்துயர நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

மூன்றாவது நிகழ்ச்சி மும்பையில் 2005 சூலை 26ஆம் நாள் நடந்தது. அன்று பிற்பகல் தொடங்கிய மழை புறநகரான சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. தென்முனையில் உள்ள கொலாபாவிலோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் மழையே பதிவாயிற்று. தெற்கே அலுவலகங்களில் இருந்தோர் சன்னல் வழியே பார்த்தபோது பெருமழையின் அறிகுறி தெரியவில்லை. அவர்களுடைய வீடுகளும் பிள்ளைகளும் வடக்கே வெள்ளத்தில் இருந்தனர். தொடர்வண்டிகள் நின்றன. பலர் இருப்புப்பாதை வழியாகவும் நெடுஞ்சாலை வழியாகவும் இடுப்பளவு நீரில் பல மணிநேரம் நடந்தனர். மற்றவர்கள் அலுவலக மேசைகளிலும் நிலையங்களிலும் முன்பின் அறியாதோர் வீடுகளிலும் இரவைக் கழித்தனர். அந்த ஓர் இரவில் தென்மும்பையின் பகல் மக்கள்தொகையே பெருமளவில் இரவு மக்கள்தொகை ஆயிற்று. எத்தனை பேருக்கு உணவும் போர்வையும் தேவைப்படும் என்பதைக் கணக்கெடுப்பு ஏட்டைப் பார்த்து எவரும் சொல்லியிருக்க முடியாது.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது?

அடிப்படைக் கணக்கு மிக எளிது. ஓரிடத்தின் இரவு மக்கள்தொகையிலிருந்து காலையில் வெளியே செல்வோரைக் கழிக்க வேண்டும். வெளியிலிருந்து அங்கு வருவோரைக் கூட்ட வேண்டும். கிடைப்பது பகல் மக்கள்தொகை.

எடுத்துக்காட்டாக, அலுவலகங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் 40,000 பேர் வசிப்பதாகக் கொள்ளலாம். அவர்களுள் 8,000 பேர் வேலைக்கும் கல்லூரிக்கும் வேறிடம் செல்கின்றனர். வெளியிலிருந்து பணியாளர்கள் 2,10,000 பேரும், மாணவர், நோயாளர், வாடிக்கையாளர் என 18,000 பேரும் வருகின்றனர். 40,000இல் 8,000 போக எஞ்சியவர் 32,000 பேர். அதனோடு 2,28,000 சேர்ந்தால் 2,60,000. இரவைவிடப் பகலில் அவ்வட்டாரம் ஆறரை மடங்காகிறது.

வீடுகள் மிகுந்த மற்றொரு வட்டாரத்தில் 3,00,000 பேர் வசிப்பதாகக் கொள்ளலாம். 1,20,000 பேர் வெளியேறி 20,000 பேர் உள்ளே வந்தால், பகலில் அங்கு இருப்போர் 2,00,000. இங்கே தொகை குறைந்ததை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. வெளியேறியவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர். எஞ்சியோருள் முதியோர், குழந்தைகள், அவர்களைப் பேணுவோர் ஆகியோரின் பங்கு உயர்ந்துவிடுகிறது. நண்பகலில் அங்கு தீப்பற்றினால், தூக்கி இறக்கப்பட வேண்டியோர் பலராகவும் தூக்குவோர் சிலராகவும் இருப்பர். மீட்புப் பணியாளர்க்கு மொத்தத் தொகையைவிட இச்செய்தியே இன்றியமையாதது.

இக்கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மக்கள் இடம் மாறுகின்றனரேயன்றிப் புதிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே ஒரு பெருநகரப் பகுதியின் எல்லா வட்டாரங்களையும் கூட்டினால், வெளியூரிலிருந்து வந்தோரையும் வெளியூர் சென்றோரையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், பகல் கூட்டுத்தொகையும் இரவு கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். பகல் தொகை மிகுந்து வந்தால் யாரோ இருமுறை எண்ணப்பட்டுள்ளனர். குறைந்து வந்தால் யாரோ விடுபட்டுள்ளனர். விடுபடுவோர் பெரும்பாலும் பயணத்தில் இருப்போரே. காலை ஒன்பது மணிக்கு மும்பையின் புறநகர் வண்டிகளுக்குள் இருப்போர் வீட்டிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. அந்த வேளையில் தொடர்வண்டியையே ஒரு வட்டாரமாகக் கொள்வது பொருத்தம்.

வந்து செல்வோரை எவ்வாறு அறிவது?

கணக்கு எளிது, அதற்குரிய எண்களைத் தேடிப் பெறுவதுதான் கடினம். இந்தியக் கணக்கெடுப்பில் 2011இல் உழவுத் தொழிலும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலை செய்வோரிடம் வீட்டிலிருந்து பணியிடம் எவ்வளவு தொலைவு என்றும், எந்த ஊர்தியில் செல்கின்றனர் என்றும் கேட்டனர். எந்த இடத்திற்குச் செல்கின்றனர் என்று கேட்கவில்லை. பதினைந்து கிலோமீட்டர் என்று ஒருவர் கூறினால் அது வடக்கிலா தெற்கிலா என்று அறிய வழியில்லை. ஒரே ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால் பெரும் பயன் விளைந்திருக்கும்.

சப்பானியக் கணக்கெடுப்பில் பணியிடமும் பள்ளியும் எங்குள்ளன என்று கேட்கின்றனர். ஆகவே அந்நாட்டு அரசு ஒவ்வொரு வட்டாரத்தின் பகல் மக்கள்தொகையையும் கணக்கிட்டு வெளியிடுகிறது. தோக்கியோ நகரின் நடுவே பேரரசரின் அரண்மனையும் அரசு அமைச்சகங்களும் அமைந்த சியோடா வட்டாரத்தில் 2015இல் வசித்தோர் 58,406 பேர். பகலிலோ 8,53,068 பேர். ஏறத்தாழ பதினான்கரை மடங்கு! கடைக்கு வருவோரும் சுற்றுலா வருவோரும் இதில் சேரவில்லை. பணிக்கும் படிப்புக்கும் வருவோர் மட்டுமே கணக்கில் உள்ளனர்.

இத்தகைய கேள்வி இல்லாத நாடுகளில் பயணச்சீட்டுகள் துணைசெய்கின்றன. அவற்றையும் விழிப்புடன் படிக்க வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் மும்பைப் புறநகர் வண்டிகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பேர் பயணம் செய்ததாகச் சொல்லப்படுவது வழக்கம். உண்மையில் அது பயணங்களின் எண்ணிக்கை. காலையில் சென்று மாலையில் திரும்பும் ஒருவர் அதில் இரண்டாகிறார். சீசன் சீட்டு எனப்படும் மாதப் பயணச்சீட்டு வைத்திருப்போரை நிலைய வாயிலில் எவரும் எண்ணுவதில்லை. ஒரு மாதச் சீட்டுக்கு 50 பயணங்கள் என்று தொடர்வண்டித்துறை மரபாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. அதாவது 25 நாள்கள் போகவும் வரவும். அம்மாதத்தில் காய்ச்சலால் பத்து நாள் படுத்திருந்தவரும் ஏட்டில் 50 முறை பயணம் செய்தவரே ஆவார்.

கைப்பேசி வந்தபின் புதியதொரு வழி பிறந்தது. ஒவ்வொரு கைப்பேசியும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்புகொள்கிறது. எந்தக் கோபுரத்தின்கீழ் எந்த மணியில் எத்தனை கருவிகள் இருந்தன என்று பார்த்தால், நகரத்தின் நடமாட்டம் மணிக்கு மணி புலப்படும். குறைகளும் உண்டு. இரண்டு கைப்பேசி வைத்திருப்பவர் இருவராகத் தோன்றுவார். சிறு குழந்தைகள் தோன்றவே மாட்டார்கள். தனி ஒருவர் எங்கெங்குச் சென்றார் என்பதும் அதே பதிவுகளிலிருந்து தெரிந்துவிடும். ஆகையால் பெயரையும் எண்ணையும் நீக்கித் தொகையை மட்டும் பயன்படுத்துவதே முறை. நீக்கியபின்னும் எச்சரிக்கை தேவை. நாள்தோறும் ஒரே வீட்டிலிருந்து ஒரே அலுவலகம் செல்லும் ஒரு புள்ளியைப் பெயரின்றியும் அடையாளம் காணலாம்.

செயற்கைக்கோள்கள் எடுக்கும் இரவு விளக்கொளிப் படங்களும் உதவுகின்றன. ஆனால் ஒளி இருக்கும் இடமெல்லாம் மக்கள் இருப்பதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் சில ஆள்களோடு பேரொளி வீசும். நெருங்கிய குடிசைப்பகுதியோ மங்கலாகத் தெரியும். அமெரிக்காவின் ஓக் ரிட்ச் தேசிய ஆய்வுக்கூடம் 1998 முதல் உலகம் முழுவதற்கும் ஒரு மதிப்பீட்டைத் தயாரித்து வருகிறது. அது நிலப்பரப்பை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. கணக்கெடுப்புத் தொகையை எடுத்துக்கொண்டு சாலைகள், நிலத்தின் சரிவு, நிலப் பயன்பாடு முதலியவற்றைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திற்கும் பங்கிடுகிறது. செங்குத்தான மலைச்சரிவுக்குக் குறைவாகவும் சாலையோரத்திற்கு மிகுதியாகவும் பங்கு கிடைக்கும். பகலையும் இரவையும் சேர்த்த சராசரியாக அத்தொகை அமைகிறது.

நகராட்சியின் அன்றாடக் கவலைகள்

பேரிடர் இல்லாத நாள்களிலும் இவ்வேறுபாடு நகராட்சிகளை வாட்டுகிறது. புதுதில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் 2011இல் வசித்தோர் ஏறத்தாழ 2.58 லட்சம் பேர். மைய அரசின் அலுவலகங்கள், கன்னாட்டுப் பிளேசின் கடைகள், பெரிய மருத்துவமனைகள் ஆகியவற்றை நாடி, தில்லியின் பிற பகுதிகளிலிருந்தும் நொய்டா, குருகிராம், பரிதாபாத்து ஆகிய அண்டை மாநில நகரங்களிலிருந்தும் வந்து சேர்வோர் மிகப் பலர். குடிநீரும் குப்பை அகற்றலும் இவர்களுக்கும் வேண்டும். வசிப்போரை மட்டும் கணக்கிட்டுக் கழிப்பிடங்கள் கட்டினால், நாள் முழுதும் வெளியே இருக்கும் பெண்களே மிகுதியும் துன்புறுவர். அலுவலகம் உள்ளவர்க்கு அலுவலகக் கழிப்பிடம் உண்டு. தெருவில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

எல்லா இடங்களும் பகலில் பெருகி இரவில் சுருங்குவதில்லை என்பதையும் கருத வேண்டும். தில்லியின் ஆசாத்பூர் காய்கனிச் சந்தை விடியுமுன்னரே விழித்துக்கொள்கிறது. மும்பையின் சசூன் மீன்துறையும் அவ்வாறே. மருத்துவமனைகளிலும், வெளிநாட்டு நேரத்திற்கு ஏற்ப இயங்கும் தொலைபேசிச் சேவை அலுவலகங்களிலும் இரவுப் பணி உண்டு.

தாராவி இன்னொரு வகை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். தோல்தொழில், மட்பாண்டம், தையல், உணவுத் தயாரிப்பு என எண்ணற்ற சிறு பட்டறைகள் அங்கே வீடுகளோடு பிணைந்துள்ளன. கீழ்த்தளத்தில் பட்டறையும் மேலே ஏணிவழி ஏறும் அறையில் குடும்பமுமாகப் பலர் வாழ்வர். சில பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் இயந்திரங்களை ஒதுக்கிவிட்டு அங்கேயே பாய் விரிப்பர். இங்கே பகலிலிருந்து இரவுக்கு மக்கள் இடம்மாறுவது ஓர் ஏணியின் உயரமே. ஒரு கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்ட எந்த வரைபடத்திலும் அது தென்படாது.

அதே தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரங்களை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு தமிழர் பலர் நகரின் நான்கு திசைகளுக்கும் புறப்படுகின்றனர். அலுவலக வாயிலில் சிறிதுநேரம், அடுக்குமாடிக் குடியிருப்பின் முன் சிறிதுநேரம் என்று விற்றுவிட்டு நண்பகலுக்குள் திரும்புவர். இத்தகையோரைப் பகல் வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் வைப்பது? இதற்கு மதிப்பீட்டாளர் கையாளும் வழி ஒன்று உண்டு. ஆளை எண்ணாமல் ஆள்மணியை எண்ணுவது அது. ஒருவர் காலை ஆறு முதல் எட்டு வரை ஒரு வட்டாரத்திலும், எட்டு முதல் பதினொன்று வரை மற்றொரு வட்டாரத்திலும் இருந்தால், முதலாவதற்கு 2 ஆள்மணியும் இரண்டாவதற்கு 3 ஆள்மணியும் சேரும். எஞ்சிய 19 ஆள்மணியும், வழியில் கழிந்த நேரம் போக, தாராவிக்கு உரியவை.